மினி பஸ்ஸுக்கு மண்டகப்படி

சிவகாமி நகர், கடைசி வீடு,
ஓடைப்பாலம் இறக்கம்,
சங்கரன்கோவில் வழி.

அன்புள்ள மைத்துனர் சங்கரகணேஷுக்கு,

அத்தான் நெல்லைநாயகம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. சங்கரநாராயண சுவாமி, கோமதியம்பாள் புண்ணியத்தில் இவ்விடம் வீடு நலம், தண்ணீர் மோட்டார் நலம், காம்பவுண்டு ஓரத்தில் உம் அக்காள் வைத்த குரோட்டன்ஸ் எல்லாம் நலம். நான் நலமா என்பதை உம் அக்காளிடமே கேட்டுக்கொள்ளும். அதை என்னைவிட அவள்தான் நன்றாகச் சொல்லுவாள். மதுரையில் நீரும் சௌபாக்கியவதி அனுராதாவும் குழந்தை சுபலட்சுமியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உம் வீட்டுக்கு எதிரிலேயே பஸ் ஸ்டாப் இருக்கும்போது நீங்கள் சௌக்கியமாக இல்லாமல் போக முகாந்தரமே இல்லை.

போனில் பேசினால் ஆகாதா, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர். போன் பண்ணினால் நீர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர். பக்கத்தில் உம் அக்காள் உட்கார்ந்திருப்பது அவள் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற மூச்சு ஐயா அது. கோபத்தில் ஒரு தினுசாக வரும். அந்த மூச்சு காதில் விழுந்ததும் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மதுரையில் மழையா, தக்காளி என்ன விலை என்று எதையாவது கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதுவும் போக, தாலுகா ஆபீஸில் காலம் தள்ளியவன் நான். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதிக் கொடுத்தால்தான் பைலில் நிற்கும். ஆகவே நீர் இதை முதலில் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு, பிறகு சமயம் பார்த்து அவளிடம் பேச வேண்டியது.

விஷயம் உமக்குத் தெரிந்ததுதான். பங்குனி உத்திரம் கழிந்த கையோடு உம் அக்காள் வடிவாம்பாள் பையைத் தூக்கிக்கொண்டு உம் வீட்டுக்கு வந்தாள். இப்போது ஆனி முடியப் போகிறது. கிளம்பும்போது வாசற்படியில் நின்று, "நம்ம வீட்டு வாசல்ல ஒரு பஸ் வந்து நிக்கட்டும். அன்னைக்கு அதுல வந்து எறங்குதேன். அதுக்கு முன்ன என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்பாள் தவம் நின்று சாமி காட்சி கொடுக்கிற ஆடித்தபசு வரப் போகிறது. அதற்குள்ளாவது அவள் இந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவளைச் சமாதானம் பண்ணி அனுப்பி வையும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் பஸ் விஷயத்தில் நான் பட்ட பாட்டை முழுசாகச் சொல்லாமல் அதைக் கேட்டால், நான் சும்மா ஈசிச்சேரில் சாய்ந்துகொண்டு இருந்தேன் என்று நினைத்துவிடுவீர். உம் அக்காள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

இந்த மனையை நான் சர்வீஸில் இருக்கும்போது வாங்கினேன். விற்றவன் நோட்டீஸில் "பஸ் வசதி" என்று போட்டிருந்தான். எந்த வருசத்துக்கு என்று போடவில்லை. ரிட்டயரான பிறகு வீட்டைக் கட்டிக் குடி வந்தோம். டவுனில் வாடகை வீட்டில் இருந்தவரைக்கும் உம் அக்காளுக்குக் கோயில் கூப்பிடு தூரம். சாயங்காலம் அம்பாள் சன்னதியில் ஒரு சுற்று, திரும்பும்போது ஷாஹின் பானு தையல் கடையில் நின்று பேச்சு, அப்படியே கீரையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு வீடு. இங்கே வந்த பிறகு மெயின் ரோட்டுக்குப் போவதற்கே உடைமரக் காட்டு வழியாக வெயிலில் நடக்க வேண்டும். ஆட்டோவைக் கூப்பிட்டால், "சிவகாமி நகரா அண்ணாச்சி, வண்டி ரிப்பேர்" என்கிறான். என் மொபெட்டில் கூட்டிப் போனேன். ஓடைப்பாலத்துப் பள்ளத்தில் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. நான் பாட்டுக்கு மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து வீட்டு வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் ஆளைக் காணோம். பதறிப்போய்த் திரும்பினால் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். விழுந்ததைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் நான் பேசிக்கொண்டே போனேன் பாரும், அதைத்தான் இன்றைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

போன வருசத் தபசன்று அவள் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, மத்தியானமே மெயின் ரோட்டுக்குப் போய் நின்றாள். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். வந்த பஸ் எல்லாம் படிக்கட்டு வரை ஜனம், ஒன்றும் நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து தபசுக் காட்சியைத் தவற விடாதவள் சாயங்காலம் அதே சேலையோடு திரும்பி நடந்து வந்தாள். பூ வாடியிருந்தது. நான் என்ன ஆச்சு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அம்பாளாவது தபசு மண்டபத்துல ஒரு நாள்தான் நிக்கா. சாமி வந்துருதாரு. நான் குடிவந்த நாள்லேருந்து நிக்கேன், ஒரு மினி பஸ்கூட வரல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. மறுநாள் காய்ச்சலோடு காய்ச்சலாக நான் பஸ் கேட்டுக் கிளம்பினேன்.

எங்கள் சிவகாமி நகர் ஊத்துக்குளம் ஊராட்சியைச் சேர்ந்தது. அதன் தலைவர் இசக்கிப்பாண்டி. ஆடு, மாடு, கரிசல் நிலம் எல்லாம் உள்ள மனுசர். அவர் பேசும்போது ஆட்டைக் கூப்பிடுகிறாரா ஆளைக் கூப்பிடுகிறாரா என்று முதலில் எனக்குப் புரியாது. ஒரு ஊராட்சி மட்டும் கேட்டால் மினி பஸ் கிடைக்காது என்றார். பஸ்ஸே போகாத சாலை வழியாகப் பாதித் தூரத்துக்கு மேல் ஓட வேண்டுமாம். அதற்கு ஊத்துக்குளம், கரட்டுப்பட்டி, நாச்சியார்குறிச்சி என்று மூன்று ஊராட்சியும் சேர்ந்து தீர்மானம் போட்டு, சாலைப் பள்ளம், பாலம், நிழற்குடை எல்லாவற்றையும் தங்கள் செலவில் சரிபண்ணிக் காட்டினால் பர்மிட்டுக்குப் போகலாம். அதற்கு ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தினார்கள். முதல் கூட்டத்துக்குச் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான். ஆகவே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனி.

முதல் கூட்டம் முழுவதும் கூட்டமைப்புக்குப் பேர் வைப்பதிலேயே போயிற்று. எந்த ஊர்ப் பேர் முதலில் வருவது என்று தகராறு. கடைசியில் ஊர்ப் பேர், ஒன்றியத்தின் பேர், மூன்று குலசாமி பேர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பேர் வைத்தார்கள். ரப்பர் ஸ்டாம்பு செய்தபோது அது அடை அளவுக்கு வந்தது. அதைத் தாளில் குத்தினால் கீழே கையெழுத்துப் போட இடம் இல்லை. அதனால் கையெழுத்துக்கென்று தனித்தாள் இணைத்தோம். பெரிய ஆபீஸில் இரண்டையும் பார்த்துவிட்டு, இதில் எது மனு என்று கேட்டார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு யூனியனிலிருந்து சண்முகப்ரியா என்ற இன்ஜினியர் பெண் வந்தது. நல்ல பொறுமைசாலி. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, மூன்று ஊரையும் தொட்டு, மேலநீலிதநல்லூர் சாலையில் ஏறித் திரும்புகிற மாதிரி அரை மணி நேரத்தில் ஒரு வழியைப் போட்டுக் காட்டியது. பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, ஜனம் எந்த நேரத்தில் எங்கே நிற்கும், அதை வைத்துத்தான் ரூட் போட வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கே சந்தோசமாகிவிட்டது, இனிக் கவலை இல்லை என்று. அப்போது இசக்கிப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாம் சரி தாயி. பஸ்ஸு மொதல்ல எந்த ஊருக்குள்ள நுழையும்?" என்றார். அந்தப் பெண் படத்தைப் பார்த்து, நாச்சியார்குறிச்சி என்றது. அவ்வளவுதான். நாச்சியார்குறிச்சித் தலைவர் சௌந்தரபாண்டியன் மீசையைத் தடவ, மற்ற இரண்டு ஊரும் எழுந்து நிற்க, கூட்டத்துக்கு வாங்கி வைத்த வடை அப்படியே ஆறிப்போயிற்று.

அடுத்தது பணம். அதை யார் எவ்வளவு போடுவது என்று மாசக்கணக்கில் கூடினோம். ஜனத்தொகைப்படி என்றால் கரட்டுப்பட்டிக்கு ஆகவில்லை, அது பெரிய ஊர். சாலை நீளத்தின்படி என்றால் ஊத்துக்குளத்துக்கு ஆகவில்லை, அதற்குத்தான் பள்ளம் அதிகம். ஸ்டாப் கணக்கில் என்றால், எங்களுக்கு ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் சௌந்தரபாண்டியன். வசூலைப் பற்றிப் பேசாத நாளில் இன்னொரு ஸ்டாப் வேண்டும் என்பார். எனக்கு ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் தலைவலி மாத்திரை போடாமல் தூக்கம் வராது. ஒரு நாள் கரட்டுப்பட்டித் தலைவி கோமதித்தாய் எழுந்து, "காலங்காலமா மூணு ஊரும் சேந்து அம்மன் கொடை நடத்துதோம். தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி, நாளுக்கு ஒரு ஊர் மண்டகப்படி. அங்கன வராத சண்டை இங்கன எதுக்கு வருது?" என்று கேட்டாள். கொடையிலும் சண்டை வந்திருக்கிறது, போலீசே வந்திருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி, சாமியை நிறுத்திப் பூசை பண்ணி உபசரிக்கிற மாதிரியே வாரத்தில் ஊருக்கு இரண்டு நாள் பஸ்ஸுக்கு மண்டகப்படி, அவரவர் மண்டகப்படி அன்று அந்த ஊருக்கு முதல் மரியாதை, பஸ் முதலில் அங்கேதான் நுழையும் என்று தீர்மானம் நிறைவேறியது. இன்ஜினியர் பெண் என்னைப் பார்த்தது. நான் எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். பணம் வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

பணமும் வந்தது ஐயா, சும்மா சொல்லக் கூடாது. கொடை வரி என்றால் நம் ஆட்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். பள்ளத்தை அடைத்தார்கள், ஓடைப்பாலத்தை அகலம் பண்ணினார்கள். சாலைக்குக் குறுக்கே இருந்தவற்றை எடுக்கும் பொறுப்பு மட்டும் செயலாளர் தலையில் விழுந்தது. நான் வீடு வீடாகப் போய்ப் பொதுநலம் என்றால் என்ன என்று பேசினேன். ஒருத்தர் வைக்கோல் படப்பைத் தள்ளி வைத்தார், ஒருத்தர் வேலியைப் பிடுங்கினார், இசக்கிப்பாண்டியே தன் ஆட்டுத்தொழுவத்தைப் பின்னால் கொண்டு போனார். என் பேச்சைக் கேட்டு எனக்கே கண் கலங்கியது உண்டு.

அப்படியே இன்ஜினியர் பெண் டேப்பை எடுத்துக்கொண்டு நம் தெருவுக்கும் வந்தது. வந்து, பஸ் உள்ளே வந்துவிடும், திரும்பத்தான் இடம் இல்லை, ஒரு பக்கம் ஓடை, அதனால் சாரின் காம்பவுண்டு மூலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் போதும் என்று சொன்னது. நான் முடியாது என்றேன். நீர் என்ன நினைத்தாலும் சரி, முடியாதுதான். காம்பவுண்டு என்றால் உமக்கு வெறும் செங்கல்லாகத் தெரியும். சர்வீஸ் பூராவும் வாடகை வீட்டில் இருந்தவன் நான். காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் வீட்டுக்காரியிடம் கேட்டுத்தான் அடித்திருக்கிறேன். உம் அக்காள் துணி காயப் போட்ட கொடியை அவிழ்த்து எறிந்த வீட்டுக்காரியும் உண்டு. அதை நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதும் உண்டு. ரிட்டயரான பணத்தில் முதலில் எழுப்பியது அந்தச் சுவர்தான், வீடு அதற்கப்புறம். காலையில் எழுந்ததும் அதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அதைப் போய் இடி என்றால்? இசக்கிப்பாண்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க ஆட்டுத்தொழுவம்னா பொதுநலம். அண்ணாச்சி காம்பவுண்டுன்னா சொந்தநலமா வே?" என்று கேட்டார், அத்தனை பேர் முன்னால். நான் நோட்டைத் திறந்தேன். நடவடிக்கைக் குறிப்பில், "சிவகாமி நகர் நீட்டிப்புப் பின்னர் பரிசீலிக்கப்படும்" என்று எழுதி உரக்க வாசித்தேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஆபீஸில் இருந்தவனுக்குத் தெரியும். ஆபீஸில் இருந்தவன் பெண்டாட்டிக்கும் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். உம் அக்காள் உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் பையோடு நிற்கிறாள். மேலே நான் எழுதியது போக இன்னொன்றும் சொன்னாள், அதையும் மறைப்பானேன்: "அந்தச் சொவரே உங்களுக்கு இனிக் காப்பி போட்டுத் தரட்டும்."

அவள் போன பிறகுதான் பஸ் வந்தது. மைதீன் பாட்சா என்று ஒரு நல்ல மனுசர், சொந்த நகையை வைத்து மினி பஸ் வாங்கி பர்மிட் எடுத்தார். டிரைவர் இசக்கிராஜா, ஊத்துக்குளத்துக்காரன். முதல் நாள் கரட்டுப்பட்டி மண்டகப்படி. பஸ் ஊருக்குள் நுழைந்ததும் கொட்டுமேளம், ரேடியேட்டருக்குச் சந்தனம், டிரைவருக்குப் பரிவட்டம், பிரயாணிகள் எல்லோருக்கும் சுண்டல். தீபாராதனை ஆகாமல் பஸ்ஸை விட மாட்டோம் என்றுவிட்டார்கள். பரீட்சைக்குப் போக வேண்டிய காலேஜ் பிள்ளைகள் கையில் சுண்டலை வைத்துக்கொண்டு அழுதார்கள். ஊத்துக்குளத்து முறை வந்ததும் பஸ் தலைகீழாகச் சுற்ற வேண்டியதாயிற்று, அவர்களுக்கு அல்லவா முதல் மரியாதை. நாச்சியார்குறிச்சி ஜனம் கிழக்கே பார்த்து நிற்க, பஸ் மேற்கிலிருந்து வந்து முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பல் பிடுங்கச் சங்கரன்கோவிலுக்கு ஏறின ஆறுமுகச்சாமி என்ற பெரியவர் சுற்றோ சுற்று என்று சுற்றி ஏறின இடத்திலேயே இறங்கினார். பல் வலி நின்றுவிட்டது என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை யார் மண்டகப்படியும் இல்லை, ஆகவே அன்றைக்குப் பஸ் எந்த ஊருக்கும் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் மைதீன் பாட்சா வீட்டுக்கு வந்து, நான் வைத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, நான் பஸ் விட வந்தேன். சப்பரம் தூக்க வரல" என்றார். அவர் கண் கலங்கியது பஸ்ஸுக்காகவா காப்பிக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் நானும் அந்த இன்ஜினியர் பெண்ணுமாகச் சேர்ந்து ஊர் ஊராகப் போய் நின்று, கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழிக்குக் கொண்டு வந்தோம். தினமும் ஒரே வழி, ஒரே நேரம். மண்டகப்படி வருசத்துக்கு ஒரு நாள் மட்டும். முதல் மரியாதைக்குப் பதிலாகப் பஸ்ஸில் ஊர்ப் பேரைப் பெரிய எழுத்தில் எழுதுவது. முகப்பு கரட்டுப்பட்டிக்கு, ஏறுகிற பக்கம் ஊத்துக்குளத்துக்கு. பின்பக்கம்தான் மிச்சம், சௌந்தரபாண்டியன் என்ன செய்யப் போகிறாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் யோசித்துவிட்டு, முகப்பை எதிரே வருகிறவன் ஒரு நொடிதான் பார்ப்பான், பின்னால் வருகிறவன் டவுன் வரைக்கும் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். தெய்வமாகப் பார்த்து அவருக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது. இப்போது பஸ் ஒழுங்காக ஓடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிறார்கள், கீரைக்காரிகள் போகிறார்கள், ஆறுமுகச்சாமி பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். சந்தில் பொந்தில் எல்லாம் பஸ் நிற்கிறது. சிவகாமி நகருக்கு மட்டும் வரவில்லை. ஓடைப்பாலத்தோடு திரும்பிப் போய்விடுகிறது. வீட்டிலிருந்தே ஹாரன் சத்தம் கேட்கும். அது கேட்கிறபோதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

இந்த மட்டுக்கு நான் செய்திருக்கிறேன் மைத்துனரே. எனக்கு அலுத்துப் போய்விட்டது. ராஜினாமாக் கடிதம்கூட எழுதிவிட்டேன். அதை ஏற்றுக்கொள்ளக் கூட்டம் போட வேண்டும், கூட்டம் போட நான்தான் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், எனக்குத் தெம்பில்லை. நான் வைக்கிற ரசத்தை நானே குடிக்கிறேன். நான் துவைக்கிற வேட்டி எனக்கே பிடிக்கவில்லை. பேச்சுத் துணைக்கு டி.வி.யில் செய்தி வாசிக்கிறவளைத் தவிர ஆள் இல்லை, அவளும் நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. வடிவாம்பாள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை, எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆகவே உம் அக்காளிடம் இப்படிச் சொல்லும்: வாசலுக்கு வராவிட்டாலும் ஓடைப்பாலம் வரைக்கும் பஸ் வந்துவிட்டது. அவள் அங்கே இறங்கினால் நான் குடையோடு நிற்கிறேன். பையை நான் சுமக்கிறேன். நடக்கும்போது மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேச மாட்டேன். தபசன்று மத்தியானமே பஸ்ஸில் முன்சீட்டுப் பிடித்துத் தர மைதீன் பாட்சா வாக்குக் கொடுத்திருக்கிறார். சுவரைப் பற்றி மட்டும் அவள் பேச வேண்டாம். மற்ற எதற்கும் நான் தயார்.

கோமதியம்பாள் உம் குடும்பத்துக்கு நீண்ட ஆயுளையும், வாசலிலேயே நிற்கிற பஸ்ஸையும் என்றைக்கும் தந்து ரட்சிக்கட்டும். குழந்தைக்கு என் முத்தங்கள். அனுராதாவிடம் அவள் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்று பக்குவமாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
களைத்துப்போன அத்தான்,
நெல்லைநாயகம்
(மேற்படி கூட்டமைப்பின் செயலாளர், பேர் நீளம் கருதி எழுதவில்லை)

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்துக் கவரில் வைத்து ஒட்டப் போகும்போது ஹாரன் சத்தம் கேட்டது. ஓடைப்பாலத்தில் கேட்கிற சத்தம் இல்லை, காதுக்குள் கேட்கிற சத்தம். வெளியே வந்து பார்த்தால் தெருவை அடைத்துக்கொண்டு மினி பஸ் நிற்கிறது. உள்ளே ஜனம். டிரைவர் இசக்கிராஜாவுக்கு முகம் வேர்த்திருக்கிறது. முன்சீட்டில் மடியில் பையோடு உம் அக்காள். நீர் ரயில் ஏற்றிவிட்டதை எனக்கு ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாம், போகட்டும். நடந்தது இவ்வளவுதான். ஓடைப்பாலத்தில் டிரைவர் இறங்கச் சொல்லியிருக்கிறான். இவள், "வாசல்ல எறங்குவேன்னு சொல்லிட்டுப் போனவ நான். பாலத்துல எப்பிடி எறங்க? நீ நேரா விடு" என்றிருக்கிறாள். அவன் ரூட்டில் இல்லை, கூட்டமைப்புத் தீர்மானம் வேண்டும் என்றிருக்கிறான். பின்சீட்டில் இருந்த கரட்டுப்பட்டித் தலைவி கோமதித்தாய், "அக்கா சொல்லுதால்லா, விடுலே" என்றாளாம். விட்டுவிட்டான். ஒரு வருசம் நாங்கள் கூடிக் கூடிப் பேசியது இந்த அளவில் முடிந்தது.

வடிவாம்பாள் வாசலில் இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. "குரோட்டன்ஸ் எல்லாம் காஞ்சு போச்சே" என்றாள். காய்ந்துதான் போயிருந்தது, முதல் பாராவில் உமக்கு நான் எழுதியது உண்மை இல்லை. அதற்குள் அடுத்த தொல்லை. பஸ் திரும்ப முடியவில்லை. ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் என் சுவர், இசக்கிராஜா முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து அலுத்துவிட்டான். ஜனம் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கண்டக்டர், முதலாளி மைதீன் பாட்சாவுக்குப் போன் போட்டான். அவசரக் கூட்டம் போடலாம் என்று ஒருத்தர் சொல்ல, அதற்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று பழக்க தோசத்தில் நான் சொல்லிவிட்டேன். உம் அக்காள் வாசற்படியில் நின்றாள். பஸ்ஸைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். அத்தனை பேர் சத்தத்திலும் அந்த மூச்சு எனக்குக் கேட்டது.

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றேன். துண்டை வீசி, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்தேன். கொஞ்சம் வந்து நிறுத்தினான். "இன்னும் வரலாம்" என்றேன். இசக்கிராஜா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, சொவரு" என்றான். "தெரியும்லே, வா" என்றேன்.

மூலை போயிற்று. பஸ் ஒரே வளைப்பில் திரும்பிவிட்டது. நாச்சியார்குறிச்சிப் பேர் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, அதற்குச் சௌந்தரபாண்டியன் என்ன கேட்பாரோ தெரியவில்லை. செங்கல்லை எல்லாம் நாளைக்கு அள்ளிக்கொள்ளலாம். அடுக்களையில் அவள் பஸ் ஜனம் முழுவதற்கும் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள், பால் போதாது என்று என்னைக் கூப்பிடுகிறாள். தபசுக்கு நீர் குடும்பத்தோடு வரும்போது தூக்கக் கலக்கத்தில் ஓடைப்பாலத்திலேயே இறங்கிவிடாதேயும்.